தெரிஞ்சவர் ஒருத்தர்

— சாவி செய்ய மாட்டேன்னு நான் சொல்லலைண்ணே. வண்டிக் காகிதத்தைக் காட்டுங்கன்னுதான் சொல்றேன்.

— காகிதம் சீட்டுக்கு அடியில இருக்கு தம்பி.

— எடுங்க.

— சீட்டுப் பூட்டுக்கும் இதே சாவிதான்.

— அப்படிப் போடுங்க! காகிதம் காட்டினாத்தான் சாவி, சாவி இருந்தாத்தான் காகிதம். கேளுங்க கதைய. இந்த பென் செ ஊர்ல பாதிப் பேரு இதையேதான் பண்றாங்க. பிளாஸ்டிக் பையில சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு, மழைத் தண்ணி படாம சீட்டுக்கு அடியில பத்திரமா வெச்சுப் பூட்டிடுவாங்க. ஏண்ணே, வீட்டுல பெட்டி, அலமாரி ஒண்ணும் கிடையாதா?

— இருக்கு. வழியில போலீஸ் நிறுத்தினா காட்டணுமேன்னு வெச்சேன்.

— இப்போ நான்தான் போலீஸ். நிறுத்தியாச்சு. காட்டுங்க.

— நீயே சீட்டை மட்டும் திற. காகிதத்தைப் பாரு. அப்புறம் சாவி செய்.

— திறந்து பாத்து, வண்டி உங்களுது இல்லேன்னா? திறந்தவன் நான். ஏற்கெனவே ஒருதரம் மாட்டியிருக்கேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனுசன், பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னு கையைப் பிடிச்சு அழுதான். நானும் சேந்து அழுதுகிட்டே சாவி வெட்டிக் குடுத்தேன். வண்டி திருட்டு வண்டி. ரெண்டு நாள் வார்டு போலீஸ் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. அவங்க எழுதி வாங்கின தாள் அந்தக் கண்ணாடிப் பெட்டியில ஒட்டியிருக்கு, படிங்க.

— மூக்குக் கண்ணாடி எடுத்துட்டு வரலை.

— நானே சொல்றேன். காகிதம் இல்லாம சாவி இல்லை. காகிதம் இல்லேன்னா, வண்டிக்காரரைத் தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லணும். அவரு பேரு நோட்டுல ஏறணும். கீழே என் கையெழுத்து. பாருங்க, தாம்னு என் பேரை எவ்வளவு அழகா போட்டிருக்கேன். பயத்துல போட்ட கையெழுத்துதான் அழகா வரும்.

— வெயில்ல தள்ளிட்டு வந்திருக்கேன் தம்பி.

— எங்கிருந்து?

— கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

— மூணு கிலோமீட்டர்! முதல்ல உக்காருங்க. இந்த ஸ்டூல்ல வேண்டாம், அது கால் ஆடும். இதுல. ஐஸ் டீ குடிங்க. அங்கேயே ஒரு சாவிக்காரன் இருப்பானே?

— இருந்தான். பழைய ஹோண்டாவுக்குச் செய்யத் தெரியாதுன்னுட்டான். சந்தை முனையில ஒருத்தன் இருக்கான், அவனைப் பாருன்னான்.

— அவனா சொன்னான்? அதிசயமா இருக்கே.

— வழி ஒண்ணும் தெரியாத வழி இல்ல. தினமும் போறதுதான். ரோடு முன்னைக்கு இப்போ பரவாயில்ல. இந்த முனையில ஒரு பள்ளம் இருந்துச்சு. அதைக்கூட அடைச்சிட்டாங்க.

— பள்ளமா? எங்க?

— இதோ, உன் கடைக்கு நேரா. இங்க வந்தாலே வண்டி ஒரு ஆட்டம் ஆடும்.

— அண்ணே, பதினாலு வருஷமா இந்த மரத்தடியில உக்காந்திருக்கேன். இங்க பள்ளமே கிடையாது.

— இருந்துச்சு தம்பி.

— சரி, இருந்துச்சு. வெயில்ல வந்த மனுசன்கிட்ட நான் சண்டை போடலை. தினமும் போறேன்னு சொல்றீங்க, உங்களை நான் பாத்ததே இல்லையே?

— ஹெல்மெட்டு, மாஸ்க்கு.

— அதுவும் சரிதான். காலையில ஆயிரம் வண்டி போகுது, எல்லாரும் வங்கியைக் கொள்ளையடிக்கப் போறவங்க மாதிரி மூஞ்சியை மூடிக்கிட்டுத்தான் போறாங்க. என் மச்சினன் எதிர்ல வந்தாலே எனக்குத் தெரியறதில்லை. தெரியாம இருக்கறதும் நல்லதுக்குத்தான். உங்க பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லியே. நடு மாகாணமா?

— குவாங் ஙாய். வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. புயல்ல வீடும் படகும் போச்சு. இங்க தென்னை நார் மில்லுல கேட் காவல் கிடைச்சுது. பேரு லுவான்.

— சரி லுவான்ணே, ஒரு சந்தேகம். காகிதத்துல உங்க பேருதானே இருக்கு?

— ...இல்லை.

— பாத்தீங்களா!

— மூணாவது கை. வண்டி மாறுச்சு, சாவி மாறுச்சு, காகிதம் மாறுச்சு. பேரு மட்டும் மாத்தலை. சைகோன்ல யாரோ ஒரு அம்மா பேரு. நான் பாத்ததுகூட இல்லை.

— அந்தப் பக்கமா போற வண்டியில பாதி அப்படித்தான். ஆபீசுக்கு அலையணுமேன்னு யாரும் பேரு மாத்தறதில்லை. அப்போ காகிதம் வெளியில வந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆளுதான் வேணும். தெரிஞ்சவர் ஒருத்தர். ஒரே ஒருத்தர். பத்து பேரைக் கேக்கலை நான்.

— நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போகணும் தம்பி. மூணு நாள் போகலை. பதினோரு கிலோமீட்டர். நாளைக்கும் போகலேன்னா வேலை போயிடும்.

— அதுக்குத்தான் சொல்றேன். போனைக் குடுங்க, நானே பேசறேன். கண்ணாடி இல்லாம நீங்க தேடறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். ம்... என்னண்ணே, மொத்தமே ஆறு பேருதான் இருக்காங்க! கேஸ் சிலிண்டர், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி... இவங்க ஒண்ணும் சாட்சி சொல்ல மாட்டாங்க. மில்லு. இதுதான் சரி. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

— ஹலோ, மில்லு. யாரு?

— அண்ணே, சந்தை முனை சாவிக்கடை தாம் பேசறேன். உங்ககிட்ட லுவான்னு ஒருத்தர் வேலை பாக்கறாரா?

— லுவானா? அப்படி யாரும் இல்லையே.

— கேட் காவல். அறுபது வயசு. ஒல்லியா இருப்பாரு.

— ஓ, குவாங் ஙாய்க்காரரா? அப்படிச் சொல்லுங்க. மூணு நாளா ஆளைக் காணோம். நாளைக்கு ஆறரைக்குக் கேட்ல நிக்கலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு சொல்லுங்க.

— சொல்றேன். அவரு வண்டி அவருதுதான்னு உங்களுக்குத் தெரியுமா? பழைய ஹோண்டா, கத்தரிப்பூ கலரு.

— அவரு எதுல வர்றாருன்னு நான் எங்க பாத்தேன்? நான் வர்றப்போ கேட் திறந்திருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— வெச்சிட்டாரு. ஒன்பது வருஷம் கேட்டைத் திறந்து விட்டிருக்கீங்க, பேரு தெரியலை அவருக்கு.

— குவாங் ஙாய்க்காரர்னுதான் கூப்பிடுவாங்க. நானும் திரும்பிப் பாப்பேன்.

— அடுத்தது, ஹுவே அக்கா. யாரு?

— நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா.

— ஆங், இது நல்ல சாட்சி. தினமும் பாக்கறவங்க. ...அக்கா, வணக்கம்கா. உங்க வீட்டுல குடியிருக்கிறாரே லுவான் அண்ணன்—

— வாடகை குடுத்துட்டாரு. வேற என்ன?

— அது இல்லைக்கா. அவரு வண்டி அவருதுதான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நோட்டுல எழுதிக்குவேன்.

— எந்த நோட்டு? போலீஸா? எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் அறையைத்தான் வாடகைக்கு விட்டேன். உள்ள இருக்கிற மனுசனுக்கு நான் பொறுப்பு இல்லை.

— ஒன்பது வருஷமா இருக்காரேக்கா.

— இருக்கட்டுமே. சத்தமே போடாத மனுசன். சத்தம் போட்டாத்தானே உள்ள யாரு இருக்கான்னு தெரியும்? அடுப்புல குழம்பு இருக்கு, வைக்கிறேன்.

— வெச்சிட்டாங்க. குழம்பு முக்கியம்தான். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே, போலீஸ்னா எல்லாருக்கும் பயம்.

— தப்பு இல்லை. அவங்க சொன்னது உண்மைதான்.

— இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. தொவா. இது யாரு?

— என் சம்சாரம்.

— அடக் கடவுளே! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பொண்டாட்டி சொன்னா அதுக்கு மேல சாட்சி எது? புருசன் வண்டி எது, அது எந்த டீக்கடை வாசல்ல நிக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். போடறேன். ...அடிக்குது. ...அடிச்சுகிட்டே இருக்கு. எடுக்க மாட்டேங்கறாங்களே. கோவமா உங்க மேல?

— எடுக்க மாட்டா.

— சமைச்சுகிட்டு இருப்பாங்க. இன்னொரு தரம் போடறேன்.

— வேண்டாம் தம்பி. அந்த போன் என் அறையில அவ படத்துக்கு முன்னால இருக்கு. ஊதுவத்திக்குப் பக்கத்துல. நான்தான் சார்ஜ் போட்டு வைக்கிறேன். எடுக்கத்தான் ஆள் இல்லை. நீ தெரியாமத்தானே கேட்ட.

— எப்போண்ணே?

— போன ஞாயித்துக்கிழமை நூறாம் நாள்.

— ...டீயைக் குடிங்க. ஐஸ் கரைஞ்சு தண்ணியாப் போச்சு, வேற ஊத்தறேன். இருங்க. அந்த வண்டியை இப்படி நிழலுக்குத் தள்ளுங்க. நான் சாவி செய்யறேன்.

— ஆள் இல்லாமலா?

— இந்த முன் சக்கரத்தை எனக்கு நேராத் திருப்புங்க. போலீஸ் வந்தா நான் பேசிக்கறேன். என்ன, இன்னொரு தாள்ல இன்னும் அழகா கையெழுத்து வாங்குவாங்க. இந்தப் பூட்டுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். வெட்டாத சாவியை உள்ள விட்டுத் திருப்பினா, உள்ள இருக்கிற தகடுங்க அது மேல கீறல் போடும். கீறல் விழுந்த இடத்துல அரத்தால ராவணும். மறுபடி விடணும், மறுபடி ராவணும். அது வரைக்கும் பேசிகிட்டு இருங்க. சாவி எப்படித் தொலைஞ்சுது?

— தொலையலை. எரிச்சிட்டேன்.

— சாவியையா?

— நூறாம் நாளுக்கு அவ துணியை எல்லாம் எரிச்சேன். செத்தவங்களுக்கு எரிச்சு அனுப்பற காகித வீடு, காகிதக் காசு வாங்க முடியலை, அவ உடுத்தினதையாவது அனுப்பலாம்னு. வெயில் சட்டை ஒண்ணு வெச்சிருந்தா, பொம்பளைங்க வண்டியில போறப்போ கை மூடிப் போடுவாங்களே, அது. அங்கேயும் வெயில் அடிக்குமோ என்னவோன்னு அதையும் போட்டேன். சாவி அது பையில இருந்துச்சு.

— உங்க வண்டிச் சாவி அவங்க சட்டையில ஏன் இருந்துச்சு?

— நான் ஒரு சாவியைப் படகுத்துறையில தொலைச்சிட்டேன். அதுலேர்ந்து அவ என்னை நம்பறதில்லை. வீட்டுக்கு வந்ததும் சாவி அவ சட்டைப் பைக்குப் போயிடணும். சட்டை கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கும். அவ போன பிறகும் நான் அங்கதான் போட்டேன், அங்கதான் எடுத்தேன். பழக்கம். எரிச்சு, சாம்பலைக் கால்வாய்ல கொட்டிட்டு வந்து படுத்துட்டேன். திங்கட்கிழமை விடியக்காலம் எழுந்து ஆணியில கை வெச்சேன். ஆணிதான் இருந்துச்சு.

— அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?

— தெரியாது. பின்னாடி உக்காரத்தான் தெரியும்.

— போச்சு. சாவி அவங்ககிட்ட, வண்டி உங்ககிட்ட. ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்லாம. ...சிரிக்கறீங்களாண்ணே? சிரிங்க, சிரிங்க. நல்லவேளை, நான் பயந்துட்டேன்.

— அவ இருந்தா இதுக்கு ஒரு மாசம் திட்டுவா. அதுவும் மெதுவாத்தான் திட்டுவா. அடுத்த அறைக்குக் கேக்காது.

— அவங்களும் வேலைக்குப் போனாங்களா?

— படகுத்துறையில இறால் உரிக்கிற கொட்டகை. மில்லுக்குப் போற வழியில இறக்கி விட்டுட்டுப் போவேன். பத்து மாசம் முன்னாடி நின்னுட்டா. அப்புறம் ஆஸ்பத்திரிதான். அவளை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தது நான். ஒன்பது வருஷத்துல ஒரு மனுசர்கிட்ட நின்னு பேசி நான் பாத்ததில்லை. செத்த அன்னிக்கு ஒன்பது பேரு வந்தாங்க. அதுல நாலு பேரு பெட்டி தூக்க நான் கூலிக்குக் கூப்பிட்டவங்க. கொட்டகையிலேர்ந்து துக்கப் பணம் வெச்ச ஒரு கவர் வந்துச்சு. மேல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? ‘குவாங் ஙாய்க்காரம்மா குடும்பத்துக்கு’ன்னு.

— பேரு போடலையா?

— பேரு தெரிஞ்சாத்தானே போடுவாங்க. என் விஷயம் வேற தம்பி. எனக்குக் கேட்டைத் திறக்கத் தெரிஞ்சாப் போதும். ஆனா அவ அங்க கடற்கரையில இருந்தப்போ மீன் கூடைக்காரிங்களோட சேந்தா வாய் ஓயாது. இங்க வந்து ஊமையாயிட்டா. அவளைத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்லாத ஊர்ல கொண்டாந்து வெச்சு, அப்படியே அனுப்பிட்டேன். அதுதான் ராத்திரியில தூக்கம் வரலை.

— ...அண்ணே, டார்ச்சை இப்படிக் காட்டுங்க. ம். இன்னும் ஒரு ராவு. நோட்டு அந்த டப்பாவுக்குக் கீழ இருக்கு, குடுங்க, எழுதிடலாம். பேரு லுவான். வயசு?

— அறுபத்தொண்ணு.

— கத்தரிப்பூ கலர் ஹோண்டா. நம்பர் எழுதிட்டேன். தெரிஞ்சவர் பேரு...

— அந்தக் கட்டத்தைக் காலியா விடு.

— காலியா விட்டா பளிச்சுன்னு தெரியும்ணே.

— ஒரு கோடு போட்டுடு.

— சரி. கோடு போடறேன். சின்னக் கோடு. ...இப்போ பாருங்க, சீட்டுக்கு விடறேன். மெதுவா... மெதுவா... வா ராசா... கேட்டீங்களா? டக்குன்னு ஒரு சத்தம், இதைக் கேக்கறதுக்குத்தான் நான் இந்தத் தொழில்லயே இருக்கேன். சீட்டைத் தூக்குங்க.

— காகிதம் இதோ இருக்கு. பாத்துக்கோ.

— அந்த சைகோன் அம்மாவைப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன். அது என்ன, ரெண்டு பேரு போடற, ரெண்டு தலை வெச்ச மழைக்கோட்டா?

— ஆமா. இதை எரிக்க மறந்துட்டேன்.

— ஒத்தை ஆளா இதைப் போட்டா பின்னாடி இருக்கிற தலை தொங்குமே?

— தொங்கும். மழை பெய்யறப்போ அதுல தண்ணி ரொம்பி முதுகுல தட்டிகிட்டே வரும்.

— குடுங்கண்ணே, மடிச்சு உள்ள வெச்சிடறேன்.

— எவ்வளவு தம்பி?

— எண்பதாயிரம் டாங். இன்னொரு சாவியும் சேத்து. ரெண்டாவதை இதோ வெட்டிட்டேன், கழுத்துல கட்டிக்குங்க, ஆணியில மாட்டாதீங்க. வண்டியை ஒரு உதை உதைச்சுப் பாருங்க, மூணு நாளா நின்ன வண்டி.

— கிளம்பிடும். கொஞ்சம் இரு, ஹெல்மெட்டைப் போட்டுக்கறேன்.

— எங்க தாத்தா மாதிரியே இருமுதே!

— மூணு தரம் இருமும். அப்புறம் பிடிச்சுக்கும். வரேன் தம்பி.

— இருங்க. ...அணைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். இது நான் கேட்ட இருமல்தான். அந்த மாஸ்க்கையும் மாட்டுங்க.

— எதுக்கு?

— மாட்டுங்கண்ணே. கொஞ்சம் திரும்புங்க, முதுகைக் காட்டுங்க. ...ஹெல்மெட்டுக்குப் பின்னாடி வெள்ளை டேப்பு. ஆறாக அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ போவீங்க. நான் காப்பியை வாயில வெக்கிற நேரம்.

— ஆமா. அந்த நேரம்தான்.

— அவங்க சட்டை... ஊதாப் பூ போட்டதா? வலது கையில, முழங்கைகிட்ட, பச்சைத் துணி ஒட்டுப் போட்டிருக்குமா?

— சைலன்சர்ல பட்டு ஓட்டையாச்சு. அவளே ஒட்டுப் போட்டா. உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரியும்ணே. நாலு வருஷம் முன்னாடி ஒரு மத்தியானம், துணிப்பெட்டிப் பூட்டுக்குச் சாவி வேணும்னு நடந்து வந்தாங்க. பத்து நிமிஷ வேலை. இந்த ஸ்டூல்ல உக்காந்து ஒரு மணி நேரம் பேசினாங்க. கடல், கூடைக்காரிங்க, புயல்ல போன படகு, அதுக்கு அடிச்ச பெயிண்டு கலரு வரைக்கும். நான் நடுவுல ஒரு வார்த்தை பேச முடியலை. என்னாலயே! போறப்போ, நாளைக்கும் இங்கதானே இருப்பீங்கன்னு கேட்டாங்க. பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்னேன்.

— தொவாவா?

— பேரு கேக்கலைண்ணே, இப்போதான் தெரியும். மறுநாள்லேர்ந்து தினமும் இந்த முனைக்கு வந்ததும் கை காட்டுவாங்க. சும்மா இல்லை, பின்னாடி உக்காந்துகிட்டே முழுசாத் திரும்பி, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுவாங்க. விழுந்துடப் போறாங்களேன்னு நான் பதறுவேன். நானும் எழுந்து நின்னு ஆட்டுவேன். பக்கத்துக் கடைக் காப்பிக்காரி கேலி பண்ணுவா. வண்டியே ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் அந்தத் திருப்பத்துல திரும்பும். பத்து மாசமா காணோம். யாரைப் போய்க் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ...என்னண்ணே? ஏன் வண்டியை அணைச்சிட்டீங்க?

— அப்போ இங்க பள்ளமே இருந்ததில்லை.